ஒரே சாக்கெட்டில் இரண்டு பெட்டிகள்

சூலியா தெருவுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த அந்த மெக்கானிக்குக் கழுத்தே கிடையாது. காரிலிருந்து கழற்றி எறிவதையெல்லாம் சுத்தியலால் நொறுக்கிவிடுவார்.

என் கார் பினாங்குப் பாலத்தின் நடுவே அணைந்து அணைந்து போனதால் அவரிடம் கொண்டுபோனேன். வேகம் கூட்ட நான் வாங்கிய இரண்டு சின்ன மின்னணுப் பெட்டிகளும் இஞ்சினைச் சோதிக்கும் ஒரே சாக்கெட்டில் மாட்டியிருந்தன.

“ரெண்டும் ஒன்னா பேசுனா இஞ்சின் யார் பேச்சக் கேக்கும்? எது வேணும்?” என்றார்.

“ரெண்டும் வேணும்ணே.”

ஒன்றைப் பிடுங்கி நொறுக்கினார். ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடித்தேன். என் முகத்தைப் பானட்டில் வைத்து அழுத்தினார்.

“பின்னால லோரி வரும்போது காடி செத்தா, ஒன்ன கூட்டித்தான் அள்ளணும்லா!”

பட்டறை மூலையில் நசுங்கிக் கிடந்த காரிலும் ஒரே சாக்கெட்டில் இரண்டு பெட்டிகள் தொங்கின.

“அது யாரு காடிண்ணே?” என்றேன்.

சுத்தியல் என் காதோரம் பறந்து சுவரில் மோதியது.

அந்த இரண்டை மட்டும் அவர் உடைக்கவேயில்லை.