காலின் பிழையா, பிறேக்கின் பிழையா

முதலில் கதைத்தவர் எருமைக்காரர். காரின் முன்பக்கத்துக்கும் கடைசி எருமையின் வாலுக்கும் நடுவில் ஒரு முழ இடம்கூட இல்லை. அவர் கையிலிருந்த கம்பால் பொனட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, திறந்திருந்த ஜன்னலுக்குக் குனிந்தார்.

“பிறேக் இல்லாத வாகனத்தையா கொண்டு வாற?” என்றவர், ஸ்டியறிங்கைப் பிடித்திருந்தவரைக் கண்டதும் குரலை மாற்றினார். “அட, பொம்புளயா?”

“பொம்புளதான் காக்கா. பிறேக்கும் இரிக்கி,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் ஸுஹைறா.

“இரிக்கெண்டா ஏன் இவ்வளவு தூரம் இழுபட்டு வந்த? முதல் மாடு றோட்டுல கால் வெக்கக்குள்ள நீங்க அந்தா, அந்த மதகடியில.”

“அதத்தான் நானும் யோசிக்கன்.”

பின் இருக்கையிலிருந்த அம்ஹா டீச்சருக்கு அப்போதுதான் மூச்சுத் திரும்பியது. “யா அல்லாஹ், யோசிக்காவாம்! ராத்தா, நேரத்துக்கு மிதிச்சீங்களா?”

“மிதிச்சன்.”

“பலம் காணாம மிதிச்சிருப்பீங்க.”

“இருக்கலாம்,” என்றார் ஸுஹைறா. அவருக்குக் கோபம் வரவில்லை. “தெரியா. பாக்கணும்.”

“பாத்துட்டு எனக்கும் செல்லுங்க,” என்று எருமைக்காரர் சிரித்தார். “நாளைக்கும் நான் இவடத்ததான். மாட்டுக்கும் செல்லிவெக்கன், கார்ப் பொம்புள வாறா, நேரத்தோட ஒதுங்குங்க எண்டு.”

அந்தப் பேச்சு வரிசை மாறாமல் ஸம்றாவின் நினைவில் நிற்கிறது. அம்ஹாவுக்குப் பக்கத்தில் இருந்தும் அதில் ஒரு சொல்கூட அவள் சேர்க்கவில்லை. ஆங்கில ஆசிரியையாக நியமனம் கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. காருக்குள் அவள் பேசியதெல்லாம் ஸலாமும் “இவடத்த இறங்குறன்” என்பதும் மட்டுமே. ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தாள். ஸுஹைறாவின் கண்கள் கண்ணாடி வழியே பின்னாலிருந்த மதகையே பார்த்துக்கொண்டிருந்தன, அங்கே எதையோ விட்டுவிட்டு வந்தவர்போல.

எல்லாருக்கும் ‘ராத்தா’, அதாவது அக்காவான ஸுஹைறாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்முனையில் வீடு, வீட்டோடு தையல். கணவர் ஹஸன் கட்டாரில் பதினாறு வருடம் உழைத்துத் திரும்பியதும் வாங்கிய சின்ன வெள்ளைக் கார் ஒரு வருடம்தான் ஓடியது. நீரிழிவு அவருடைய கண்ணைத் தொட்டது. எதிரே வரும் வாகனம் ஒன்றா இரண்டா என்று பிரித்தறிய முடியாமல் போன அன்று, காரின் திறப்பைக் கொண்டுவந்து மனைவியின் தையல் மெசின்மேல் வைத்து, “வித்துப்போடு” என்றார். ஸுஹைறா விற்கவில்லை. பின்னேரங்களில் முற்றத்தில் நின்ற காருக்குள் போய் உட்கார்ந்து, எந்த மிதியை மிதித்தால் கீழே எது அசைகிறது என்று குனிந்து குனிந்து பார்த்தார். நாற்பத்தைந்தாவது வயதில் லைசன்ஸ் எடுத்தார்.

எதையும் கேட்டுத்தான் அறிவார். கல்யாண வீட்டில் மற்றப் பெண்கள் சஹன் என்ற பொதுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து கறியை நடுவுக்கு இழுக்கையில், இவர் அடுப்படியில் சமையல் பண்டாரியிடம் நின்று, இத்தனை பேருக்குச் சோறு கட்டிபடாமல் எப்படி வருகிறது என்று விசாரிப்பார். மின் அடுப்புக் கெட்டால் திருத்த வருகிறவருக்குப் பக்கத்தில் குந்தி, “இந்தக் கம்பி என்னத்துக்கு?” என்பார். கேள்வி கேட்டே ஆட்களைக் களைக்க வைக்கிறவர் என்று அவருக்கு ஒரு பெயரும் இருந்தது.

இறக்காமத்துப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு மூன்று ஆசிரியைகளை அவர் நாள்தோறும் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். காரைதீவுச் சந்தியில் திரும்பினால் அதன்பிறகு இரு பக்கமும் வயல். வளைவு குறைவு, ஏற்றம் என்று எதுவுமில்லை. மூன்றாம் ஆசிரியை பிரசவ விடுமுறையில் இருந்தார். ஆகவே எருமை மறித்த அந்த வெள்ளிக்கிழமை, அம்ஹாவை வீட்டில் இறக்கியபோது, அவள் சொன்னதைக் கேட்டு அவளுடைய கணவர் இன்ஸாப் வாசலுக்கு வந்து சொன்னது ஸுஹைறாவின் ஓட்டத்தையே நிறுத்தக்கூடியதாக இருந்தது.

“கோவிச்சுக்காதீங்க ராத்தா. திங்கக்கிழமையிலருந்து அம்ஹா பஸ்ஸுல போகட்டும். ஒங்கள ஒண்டும் செல்லல்ல. வயசு போகப் போக கால் பிந்தும்தானே.”

அம்ஹா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். பஸ் என்றால் இரண்டு இடத்தில் மாறவேண்டும். விடியற்காலைச் சுபஹுத் தொழுத கையோடு புறப்படவேண்டும். அது அவளுக்கும் தெரியும்.

“என்ட கால்ல பிழையெண்டா நான் அம்ஹாவ மட்டுமில்ல, ஒருத்தரையும் ஏத்தமாட்டன்,” என்றார் ஸுஹைறா. “அண்டைக்கே திறப்பக் குடுத்திடுவன். ஆனா கால்ல பிழையா, பிறேக்குல பிழையா எண்டு தெரிஞ்சாகணும் தம்பி. திங்கக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இரிக்கி, பொறுங்க.”

பிறகு ஸம்றாவின் பக்கம் திரும்பினார். “சனிக்கிழமை காலையில வேலை இரிக்கா புள்ள? எனக்கு ஆரும் ஒராள் றோட்டுல நிக்கணும்.”

ஏன் தன்னைக் கேட்டார் என்று ஸம்றாவுக்கு விளங்கவில்லை. ஓம் என்று தலையாட்டினாள்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு, ஊருக்கு மேற்கே வயல்களை அறுத்துக்கொண்டு போகும் நேர் வீதியில் கார் நின்றது. பக்கத்து வீட்டு றம்ஸீன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்திருந்தான். அவன் வேன்காரன். குடும்பங்களை ஏற்றிக்கொண்டு மகியங்கனை வளைவுகளால் ஏறி நுவரெலியாவுக்கு ஓடுகிறவன். ஸுஹைறாவின் கழுத்தில் தையல் நாடா தொங்கியதைக் கண்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன ராத்தா, றோட்டுக்குச் சட்டை தைக்கவா போறீங்க?”

“அளவு சரியா வந்தா ஒனக்கும் ஒண்டு தைப்பன். நில்லு.”

செய்த வேலை எளிது. அங்கிருந்த ஒரு மதகுக்கு நேரே வீதியில் செங்கல் துண்டால் ஒரு கோடு. கார் நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் வந்து, முன்சில்லு கோட்டைத் தொடும்போது மிதிக்கவேண்டும். நின்ற இடத்தில் ஸம்றா இன்னொரு கோடு போடவேண்டும். ஐந்து அடி நாடாவை நகர்த்தி நகர்த்தி வைத்து, இருவரும் குந்தியபடி வீதியை அளந்தார்கள். பால் கொண்டுபோன ஒருவர் சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தார். மணியை அடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஸுஹைறா மிதித்தபோது கார் நாற்பத்தொரு அடியில் நின்றது.

“கூடத்தான்,” என்றான் றம்ஸீன்.

“அதுக்குத்தான் ஒன்னக் கூப்பிட்ட. காரை ஆறவிட்டுட்டு நீ மிதி.”

முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு றம்ஸீன் ஏறி, சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, பலமாக மிதித்தான். ஸம்றா கோடு போட்டாள். நாற்பது அடி.

“செருப்பு வழுக்கிட்டு,” என்றான்.

“ஏன்டா, ஒன்ட செருப்புக்கும் வயசு போயிட்டா?”

ஸம்றா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். றம்ஸீன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆறவிடாமல் திரும்பவும் மிதித்தான். பிறகு இன்னொருமுறை, இன்னொருமுறை. ரோஷத்தில் பத்துத் தடவை மிதித்தான். ஏழாம் கோட்டுக்குப் பிறகு ஸம்றாவுக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. கோடுகள் மதகை நோக்கிக் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தன.

“ராத்தா,” என்றாள். அது அவள் தானாக ஆரம்பித்த முதல் பேச்சு. “குறையிது. இப்ப முப்பத்தொண்டு.”

ஸுஹைறா ஓடிவந்து கோடுகளைப் பார்த்தார். சில்லுக்குப் பக்கத்தில் கையை நீட்டினார், அனல் அடித்தது. அப்படியே வீதியில் குந்திவிட்டார்.

“சூடாகினாப் பிடிக்கிது. ஆறினாப் பிடிக்கிதில்ல. அண்டைக்கு எருமை வந்த இடத்துக்கு நான் எத்தனதரம் பிறேக் மிதிச்சுப் போயிருப்பன்? அஞ்சாறு மைல்கட்டை தூரம் காலே வெக்கல்ல. றம்ஸீன், ஒனக்கு மலையில எப்பிடி?”

“மலையில வளைவுக்கு வளைவு மிதிக்கணும். ஆறவே ஆறாது,” என்றவன் சட்டென்று திரும்பினான். காரைப் பார்த்தான். “ராத்தா, நீங்க போட்டிருக்கிற பிறேக் பேட் நான் செல்லி வாங்கினதுதானே?”

ஓம், அவன் சொல்லித்தான் வாங்கியது. நான்கு மாதத்துக்கு முன்பு உதிரிப்பாகக் கடையின் மர வாங்கில் றம்ஸீனோடு நான்கைந்து வேன்காரர்கள் குந்தியிருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஸுஹைறா போய், மிதித்ததும் சில்லின் தட்டை உரசிப் பிடிக்கும் பிறேக் பேட் கேட்டபோது, கடைக்கார றிஸ்மி மூன்று பெட்டிகளை எடுத்துவைத்தார். வேன்காரர்கள் ஒரே வாயாக ஒரு பெட்டியைக் காட்டினார்கள். கடுமையான பேட், இலேசில் தேயாது, மலை ஏறுகிறவர்கள் இதைத்தான் போடுவார்கள். “நீங்களும் இப்ப எங்கட ஆள்தானே ராத்தா” என்று ஒருவர் இடம்விட்டு நகர்ந்து, அவருக்கும் ஒரு பிளேன்டீ சொன்னார்.

எல்லாவற்றையும் கேட்கிற ஸுஹைறா அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மலையைக் கண்டிராத தன்னுடைய கார் அதை எங்கே சூடாக்கப்போகிறது என்ற கேள்வி அவருக்கு வரவேயில்லை. இந்த ஊரில் சட்டி வாங்கினாலும் சப்பாத்து வாங்கினாலும் “எத்தன வருஷத்துக்கு வரும்?” என்பதுதான் முதல் கேள்வி. பேட்டுக்கும் அதையே அளவாக வைத்துக்கொண்டார்கள்.

மூன்று பேரும் நேரே றிஸ்மியின் கடைக்குப் போனார்கள். ஸுஹைறா அதே மூன்று பெட்டிகளையும் கேட்டு வாங்கி, பேட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். இந்தமுறை கேள்விகள் வந்தன. எது மெது? எது வன்மை? கறுப்புத் தூள் எதில் கூடக் கொட்டும்? நடுவில் இந்த வெட்டு என்னத்துக்கு? றிஸ்மி ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பேட்டின் ஓரத்தில் அச்சடித்திருந்த இலக்கங்களையும் எழுத்துகளையும் ஸுஹைறா காட்டியபோது மட்டும் அவர் கையை விரித்தார்.

“அது கொம்பனி போடுறது ராத்தா. பதினொரு வருஷமா விக்கன், ஒருத்தரும் கேட்டதில்ல.”

ஸம்றா கைப்பேசியை எடுத்தாள். ஆங்கிலத்தில் நீளமாக எழுதியிருந்ததை இரண்டுமுறை வாசித்தாள். பிறகு தமிழில், வகுப்பில் சொல்வதைவிட மெதுவாகச் சொன்னாள்.

“கடைசியில ரெண்டு இங்கிலீஷ் எழுத்து இரிக்கிதானே. முதல் எழுத்து சாதாரண சூட்டுல எவ்வளவு பிடிக்கும் எண்டு செல்லுது. ரெண்டாவது, நல்லாக் கொதிச்சாப் பிறகு. எழுத்து வரிசையில பின்னுக்குப் போகப் போகப் பிடி கூட.”

வேன்காரர்கள் விரும்பும் பேட்டில் முதல் எழுத்து ‘ஈ’, இரண்டாவது ‘ஜீ’. பக்கத்திலிருந்த மெதுவான பேட்டில் இரண்டுமே ‘எஃப்’. றிஸ்மி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு அலுமாரியிலிருந்த மற்றப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக இறக்கி வாசிக்கத் தொடங்கிவிட்டார். றம்ஸீன், “எனக்கு ‘ஜீ’தான் சரி, அத ஒளிச்சு வெச்சிடாதீங்க,” என்றான்.

“எங்களுக்கு ‘எஃப்’பைத் தாங்க,” என்றார் ஸுஹைறா.

“இது கெதியாத் தேயும் ராத்தா. பிறகு வந்து என்ன ஏசக்கூடாது.”

“தேயட்டும். தேயத்தானே அதப் போடுற.”

அன்று மத்தியானமே மெக்கானிக் பாஸ் இரண்டு முன்சில்லையும் கழற்றி, கண்ணாடிபோல் மினுங்கிப் போயிருந்த பழைய பேட்டுகளை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். பேட் உரசும் தட்டுகளையும் உரசிச் சுத்தமாக்கினார். முதல் கொஞ்ச தூரத்துக்கு மெல்ல மெல்ல மிதித்துப் பழக்கும்படி சொன்னார். ஞாயிறு விடிந்ததும், ஆறிக்கிடந்த காரோடு ஸுஹைறாவும் ஸம்றாவும் மறுபடி மதகடிக்குப் போனார்கள். செங்கல் கோடுகள் அரைவாசி அழிந்திருந்தன. ஸுஹைறா மிதித்தார். ஸம்றா நாடாவை ஒன்றன்பின் ஒன்றாக ஆறுதரம் வைத்தாள். முப்பது அடி. நம்பாமல் இன்னொருமுறை அளந்தாள். முப்பதுதான்.

ஸுஹைறா இறங்கிவந்து அந்தக் கோட்டில் நின்றார். தன் வலது காலைத் தூக்கி, புதிதாகப் பார்ப்பவர்போல் ஒருமுறை பார்த்தார். “அல்ஹம்துலில்லாஹ்,” என்றார்.

ஸுஹைறா காரைத் திருப்பிக்கொண்டு ஊருக்கு வந்தார். ஸம்றாவின் வீட்டுக் கேற்றடியில் காரை நிறுத்தினார். இறங்கப்போனவளைக் கையால் மறித்தார்.

“புள்ள, எனக்கு ஒரு உதவி செய்யணும். இன்ஸாப் தம்பிக்கிட்ட நீங்க போய்ச் செல்லுங்க. நான் போனா எனக்காக நானே வாதாடுற மாதிரி இரிக்கும். நீங்க கதைக்கிறது குறைவு, அதால நம்புவாங்க. நான் நல்லா ஓடுறன் எண்டு செல்ல வேணாம். நாப்பத்தொண்டு, றம்ஸீன் மிதிச்சா நாப்பது, இப்ப முப்பது. அத மட்டும் செல்லுங்க. அதோட, அந்தப் பேட்டை ஒரு கேள்வியும் கேக்காம வாங்கினது நான்தான். அதையும் விடாமச் செல்லுங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, என்ட காருல ஏத்துறதா இல்லயா எண்டு அம்ஹாவே முடிவெடுக்கட்டும்.”