கோணாத கார்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்று வளர்த்தது ஐந்து பேர். ஐந்து பேரும் இன்று என்னைவிட உயரம். ஆனாலும் என்னைத் தாண்டி ஒரு காரை வாசலைவிட்டுத் தள்ள மூத்தவனால் முடியவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்கிறேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன்; பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

கார் என் கடைசி மகளுடையது. இந்தப் பேத்தியின் அம்மா அவள். தினமும் காலையில் நாமக்கல்லில் மூன்று டீச்சர்களை ஏற்றிக்கொண்டு போய் வெண்ணந்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடங்களில் இறக்கிவிடுவாள். சாயங்காலம் போய்க் கூட்டி வருவாள். புருஷன் போன பிறகு, அண்ணன்மார் யாரிடமும் கை நீட்டாமல் அவளும் மகளும் சாப்பிடுவது அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான்.

தை மாதம், கிழங்கு வெட்டு நடக்கிற சமயம். டீச்சர்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஆண்டகளூர் கேட் பக்கத்தில், மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று சந்திலிருந்து சட்டென்று ரோட்டில் ஏறியது. டிரெய்லரின் மூலை, காரின் முன்பக்கம் டிரைவர் இருக்கிற ஓரத்தில் இடித்துவிட்டது. மகளுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது, நெற்றியில் நான்கு தையல். உயிருக்கு ஒன்றும் இல்லை. காரை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டு முன்னால் சிமெண்டுக் களத்தில் இறக்கினார்கள். முகமே இல்லை அதற்கு. லைட் ஒன்று போய், பம்பர் போய், பானெட் கூரை மாதிரி மடிந்து நின்றது. சீட்டில் ரத்தம் காய்ந்திருந்தது.

இன்சூரன்ஸிலிருந்து ஒரு தம்பி வந்து சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார்.

"அடிச்சட்டம் கோணியிருக்கறாப்ல தெரியுதுங்கம்மா. வண்டிய எங்ககிட்டயே உட்டுப்போட்டுப் பணத்த முழுசா வாங்கிக்கலாம். நீங்களே வெச்சுக்கறதுன்னா கம்மியாத்தான் வரும். திங்கக்கெழமைக்குள்ள ரெண்டுல ஒண்ணு சொல்லிப்போடுங்க."

முழுசாக வாங்கினாலும் அந்தப் பழைய வண்டிக்கு வருவதில் இன்னொரு வண்டி வராது. அது எல்லோருக்கும் தெரியும். என் பெரிய மகனுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. லாரி சாமான் கடை வைத்திருக்கிறான்.

"வண்டியத் தலமுழுகியாச்சுன்னு நெனைச்சுக்கட்டும். எங் கடையில வந்து பில்லுப் போடட்டும். பொம்பளப்புள்ள ரோட்டுல ஓட்டுனது போதும்" என்றான்.

மகள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாடி அவள். அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பெரிய மருமகளும் சேர்ந்துகொண்டாள். "ரத்தம் பாத்த வண்டிங்கத்தே. ஊட்டு வாசல்ல நிக்கறதே ஆகாது."

"அஞ்சு புள்ளையும் உள்ள கெடக்கற கட்டில்லதான் பெத்தேன். அது பாக்காத ரத்தமா? அதுலதான உம்புருசன் தெனமும் மத்தியானம் கொறட்ட உடறான்?" என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆனால் அடிச்சட்டப் பேச்சு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சட்டம் கோணியிருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். என்றைக்காவது அவளைக் கொண்டுபோய் எதிலாவது மோதும். அப்படியென்றால் நானே முதல் ஆளாக அதைத் தள்ளிவிடுவேன். கோணியிருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருந்தார். சட்டம் வந்து இறங்கியதும் மூலைக்கு மூலை குறுக்கே அளப்பார். இரண்டு குறுக்கும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் நேர். ஆள் வராத நாளில் மறுமுனையைப் பிடித்தவள் நான். ஆள் வராத நாள் அந்தப் பட்டறையில் நிறைய.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவன் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டு, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் வந்தான். அவர் பட்டறையில் இருந்த, கயிற்றில் தொங்குகிற தூக்குக்குண்டை அவன் கையில் கொடுத்தேன்.

"காருக்கு அடியில போ. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு, சட்டத்துல ஒரே மாதிரி போல்ட்டு இருக்கும். அதுலிருந்து குண்ட எறக்கு."

"அம்மா, வேட்டி!"

"வேட்டிய தொவைச்சுக்கலாம். போ சாமி."

தவழ்ந்து போனான். குண்டு தரையைத் தொட வந்த நான்கு இடத்திலும் மகள் குனிந்து சாக்பீஸால் புள்ளி வைத்தாள். காரைப் பின்னால் தள்ளிவிட்டோம். களத்தில் நான்கு புள்ளி மட்டும் நின்றது.

நான் பிறந்தது வெண்ணந்தூரில் தறிக்காரர் வீடு. அம்மா வீட்டு நூல்கண்டு ஒன்று எப்போதும் என் பெட்டியில் இருக்கும். பெருமையாக அதை எடுத்து வந்தேன். மறுமுனையைப் பெரியவனிடம் கொடுத்து, ஒரு குறுக்கை அளந்து முடிச்சுப் போட்டேன். அடுத்த குறுக்கில் வைத்துப் பார்த்தால், முடிச்சு புள்ளியை எட்டாமல் இரண்டு விரற்கடை குறைந்து நின்றது.

"பாத்தியா? பெரிய இஞ்சினியரு!" என்றான் பெரியவன், முழங்கால் கரியைத் தட்டிக்கொண்டு.

மகள் எழுந்து உள்ளே போனாள். கார்ச் சாவியைக் கொண்டு வந்து அண்ணன் கையில் வைத்தாள்.

நான் கையிலிருந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விட்ட இடத்தில் சுருண்டு கிடந்தது. எனக்குச் சுரீரென்றது. கஞ்சி போடாத நூல் இழுத்த இழுப்புக்கு நீளும், விட்டால் சுருங்கும். நடக்கப் பழகும்போதே எனக்குத் தெரிந்த சங்கதி. முதல் குறுக்கை அளக்கும்போது இவன் மேல் இருந்த கோபத்தில் சுண்டி இழுத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஒரு நாளும் நூலை எடுத்ததில்லை, நீளாத கட்டுக்கம்பிதான். அம்மா வீட்டுப் பெருமையில் நான்தான் நூலை எடுத்தேன்.

"போகாத, நில்லு" என்றேன். கொட்டகையிலிருந்து கட்டுக்கம்பிச் சுருளை எடுத்து வந்தேன்.

"இன்னொருக்கவா? முகூர்த்தம் போச்சு!"

"அவங்க தாலி கட்டிக்குவாங்க, உன்னக் கேக்க மாட்டாங்க. புடி."

கம்பியை நேராக்கி, முதல் குறுக்கில் வைத்து நுனியை மடக்கினேன். இரண்டாவது குறுக்குக்குப் போகும்போது நான் இடம் மாறி நின்றேன். மடக்கிய நுனி அவன் பக்கம் வரட்டும் என்றுதான். என் முனையைப் புள்ளியில் அழுத்திக்கொண்டு, "உன்ற பக்கம் பாரு" என்றேன்.

அவன் பார்த்தான். மண்டியிட்டுப் பார்த்தான். கம்பியை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தான்.

"செரியாத்தான் இருக்குது" என்றான் வாய்க்குள்ளேயே.

"சத்தமாச் சொல்லு. உன்ற தங்கச்சிக்குக் கேக்கோணும்."

"செரியாத்தான் இருக்குது! போதுமா?"

சாவியை அவள் கையில் போட்டுவிட்டு, கரி வேட்டியோடு கல்யாணத்துக்குப் போனான். மகள் அழுதாள், அழுதுகொண்டே, "அண்ணன் முதுகப் பாரும்மா, பன்னி பொரண்டாப்ல" என்று சிரித்தாள். வாய் வந்துவிட்டது.

திங்கட்கிழமை வண்டியை வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டோம். சேலத்துப் பட்டறையில், சட்டம் நேர்தான் என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மெஷினில் ஏற்றிப் பார்த்த முதலாளி, "முன்மொகம் மட்டுந்தாங்க அடி. சட்டம் சுத்தம். மொதல்லயே எந்த மிசின்ல பாத்தீங்க?" என்று கேட்டார்.

"கட்டுக்கம்பி மிசின்ல" என்றேன்.

பங்குனியில் கார் திரும்பி வந்தது. புதிதாகப் போட்ட பக்கம் கொஞ்சம் கூடுதல் வெள்ளை. மகளின் கட்டுப் பிரித்த பிறகு, முதல் நாள் முன் சீட்டில் நான் உட்கார்ந்தேன், பின்னால் மூன்று டீச்சர்கள். ஆண்டகளூர் கேட் தாண்டும்போது அவர்கள் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மகள் வேகத்தைக் குறைத்து, சந்தைப் பார்த்து, ஹாரனை நீளமாக அடித்தாள். அப்புறம் நேர் ரோட்டில் கையை லேசாகத் தளர்த்திக் காட்டினாள்.

"பாத்தியாம்மா? ஒரு பக்கமும் இழுக்கல."

கார் கோடு போட்ட மாதிரி போயிற்று. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிரே வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எழுதியாச்சா சாமி? எங்கே, முதலிலிருந்து ஒருக்கா படி, கேக்கறேன். உங்க மாமன் "செரியாத்தான் இருக்குது"ன்னு சொல்ற இடம் வந்தா மட்டும் கொஞ்சம் சத்தமாப் படி. உள்ளதான் காப்பி குடிச்சிட்டிருக்கான்.