நடுக்கடலில் யார் இருக்கிறார்கள்

என் கணவருக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. லீவில் எங்கள் ஊர் கம்பத்துக்கு வரும்போதெல்லாம் பெட்டி நிறைய சாக்லேட்டும் நெஞ்சு நிறைய இருமலும் கொண்டுவருவார். கேட்டால் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தைக் காட்டுவார். மருந்தடிக்கிறார்களாம், அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லையாம். எங்கள் பக்கத்தில் யார் இருமினாலும், யாருக்குத் தலை வலித்தாலும் பழி திராட்சை மருந்தின் மேல்தான். அதனால் நானும் நம்பித் தொலைத்தேன்.

போன லீவில் இருமல் நிற்கவே இல்லை. மறுபடி கப்பல் ஏறும் நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பொறுக்கமுடியாமல் வேலி ஓரம் போய் நின்று தோட்டக்காரரைப் பிடி பிடியென்று பிடித்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"ஆத்தா, அங்கன நல்லாப் பாரு. கொடிய வெட்டி ஒரு மாசமாச்சு. பழம் முத்துற நேரத்துல மழை ஊத்தி ஊத்தி வெடிச்சுப்போகுது, இனி வேணாம்னு விட்டுட்டேன். வெறும் கல்லுக்காலுக்கா மருந்தடிப்பேன்?"

பார்த்தேன். கல்தூண்களும் கம்பிகளும்தான் நின்றன. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்குள் வந்து அந்தக் கோபத்தை இறக்கவேண்டிய இடத்தில் இறக்கினேன். கடைசியில் ஒப்புக்கொண்டார். கப்பல் ஓடுவது நாம் நினைக்கிற டீசலில் இல்லையாம். தார் மாதிரி கெட்டி எண்ணெயாம், சூடாக்கினால்தான் குழாயில் ஓடுமாம். அதன் ஆவியும் கரியும் மூக்கில் ஏறும், சளி கறுப்பாக வரும். சில பணக்கார நாடுகளின் கரையை நெருங்கும்போது மட்டும் சுத்தமான எண்ணெய்க்கு மாற்றவேண்டும், அது சட்டம். விலகியதும் பழையபடி கெட்டி எண்ணெய். இதெல்லாம் வெளியே தெரிந்தால் வேலைக்கு உலை வைத்துவிடும் என்றுதான் திராட்சையின் மேல் பழி.

"அதென்ன கரைக்கு ஒரு எண்ணெய், கடலுக்கு ஒரு எண்ணெய்?"

"கரையில சனம் இருக்கு. நடுக்கடல்ல யாரு இருக்கா?"

"அப்ப நீங்க யாரு? மீனா?"

சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. அந்தப் புகை உலகத்தைச் சூடாக்குவதாகவும், பக்கத்துத் தோட்டத்தில் மழை தப்பிப் பெய்ததில் அதற்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம் என்றும் அவரே சொன்னார், டிவியில் வானிலை வாசிக்கிறவர் மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கப்பல் ஏறுமுன் மதுரையில் மெடிக்கல் செக்கப் உண்டு. இந்தத் தடவை நானும் கூடப் போனேன். கண், காது, ரத்தம் எல்லாம் சரியாக இருந்தன. பிறகு டாக்டர் இருமலைப் பற்றிக் கேட்டார்.

"ஊர்ல திராட்சைக்கு மருந்தடிக்கிறாக சார். அதான்" என்றார் என் கணவர், கொஞ்சமும் கூசாமல்.

டாக்டர் தலையாட்டினார். "கடல் காத்து பட்டா சரியாயிடும்மா" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். கடல் காற்றாம்! இவர் வேலை பார்ப்பது கப்பலின் அடியில், அங்கே ஜன்னல்கூடக் கிடையாது.

"பொய் சார். இது கப்பல்ல வாங்குன இருமல். அந்தத் தோட்டத்துல இப்ப கொடியே இல்ல" என்றேன்.

என் கணவர் என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் மூச்சின் பலம் பார்க்க ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். ஊதி முடிப்பதற்குள் இவருக்கு வியர்த்துச் சட்டை நனைந்துவிட்டது. இப்போதைக்குக் கப்பல் வேண்டாம், முதலில் நுரையீரல் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் உசிலம்பட்டி வந்தது, ஆண்டிப்பட்டி கணவாய் வந்தது, தேனியும் போனது. வீரபாண்டி தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"வேலை போச்சு. பிள்ளைக படிப்புக்கு என்ன செய்யப்போற? இப்ப சந்தோசமா?"

"சந்தோசந்தான்" என்றேன். பிள்ளைகளின் பீஸை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் சொன்னது பொய்யில்லை.