பாம்பன் பாலத்துல ஆண்டவரோட போட்ட சண்டை

இந்தச் செபக்கூட்டத்துல நான் சாட்சி சொல்ல எந்திரிச்சு நிக்கிறது இது ரெண்டாவது தடவ. மொத தடவ நான் சொன்னது பொய்யாப் போச்சுன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். சிரிச்சவுகளும் இங்கனதான் உக்காந்திருக்கீக. சிரிச்சுக்கிருங்க, பரவாயில்ல. ஆனா இன்னைக்கு முழுசாக் கேட்டுட்டுத்தான் போகணும்.

எம்பேரு ரோஸ்மேரி, ஊரு அக்காமடம். எங்க வீட்டுக்காரவுக விசைப்படகு வச்சு மீன் ஏவாரம் பண்ணுனவுக. 2006-ல அவுகளுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. செவ்வாயும் வெள்ளியும் மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி ரத்தத்தச் சுத்தம் பண்ணணும். ஒரு தடவ தவறுனாக்கூட ஒடம்புல நீர் கோத்து மூச்சு முட்டும். ஆம்பளப் புள்ள எங்களுக்குக் கெடையாது. ரெண்டு பொண்ணையும் தூரத்துல கட்டிக் குடுத்தாச்சு. பஸ்ஸுல ரெண்டு தடவ கூட்டிட்டுப் போனேன், ரெண்டு தடவையும் அவுக மயங்கி விழுந்தாக. அதுக்கப்புறந்தான், இந்த வயசுல, நான் வண்டி ஓட்டப் படிச்சேன்.

வண்டின்னா சின்ன வண்டி இல்ல. இறால் நல்லா ஓடுன காலத்துல அவுக ஆசப்பட்டு வாங்குன பெரிய வண்டி. ஏழு பேரு உக்காரலாம். அதுல ஏறவே எனக்குப் பக்கத்துல ஒரு படி வேணும். அந்த வண்டியில பிரேக்குக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. வளைவுல வண்டி வழுக்குச்சுன்னா, நாம மிதிக்காமலே எந்தச் சக்கரத்தப் பிடிக்கணுமோ அத மட்டும் பிடிச்சு நேராக்கிரும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்னு பேரு. வாங்குன புதுசுல எங்க வீட்டுக்காரவுக அதச் சொல்லிச் சொல்லித்தான் ஊரெல்லாம் பெருமையடிச்சாக.

2007 கடைசியில, கிறிஸ்துமசுக்குக் குடில் கட்டிக்கிட்டு இருந்த சமயம், அந்தப் பெருமையே எங்களுக்கு எமனா வந்துச்சு. பரமக்குடி தாண்டி நேர் ரோடு. நல்ல வெயில், எதுக்க ஒரு வண்டி இல்ல. திடீர்னு ஸ்டியரிங்குக்கு முன்னாடி, வழுக்குற கார் படம் போட்ட மஞ்ச லைட்டு மினுக்கு மினுக்குனு எரியுது. பீப் பீப்புன்னு சத்தம். நான் பிரேக்குல காலே வைக்கல. இடது பக்கச் சக்கரம் மட்டும் தானாப் பிடிச்சு, வண்டி கருவேலங்காட்டப் பாத்து இழுக்குது. யாரோ பக்கத்துல உக்காந்து ஸ்டியரிங்கப் பிடுங்குற மாதிரி இருந்துச்சு. மல்லுக்கட்டித் திருப்புனேன். கொஞ்ச நேரத்துல தானா விட்டுருச்சு. பின்னாடி மெத்த போட்டுப் படுத்திருந்த எங்க வீட்டுக்காரவுக உருண்டு கீழ விழுந்துட்டாக.

அன்னைக்கே வண்டிய மதுரையில கம்பெனி சர்வீசுல விட்டேன். டை கட்டுன மேனேஜர் தம்பி ஒருத்தரு. ரெண்டு நாள் வச்சிருந்துட்டு ஒரு கோளாறும் இல்லன்னு குடுத்தாரு. கம்ப்யூட்டர்ல பழைய பிழை ஒண்ணு பதிவாயிருந்துச்சாம், அத அழிச்சுட்டாகளாம். என்ன பிழைன்னு கேட்டா, "அது சும்மா வரும் மேடம், வண்டிய யாரு ஓட்டுறது"ன்னாரு. நாந்தான்னேன். சார் ஓட்ட மாட்டாங்களான்னு கேட்டாரு. அங்கன நின்ன ரெண்டு பயலுக வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சானுக. பெரிய வண்டியாம், நான் ஸ்டியரிங்க வெடுக்குனு திருப்புறேனாம், அதுல கம்ப்யூட்டர் பயந்துக்கிறதாம். எனக்கு வந்த கோவத்துக்கு அங்கயே சாவியத் தூக்கி எறிஞ்சிருப்பேன். ஆனா வெள்ளிக்கெழம வருமே, அவுகள யாரு கூட்டிட்டுப் போறது.

மறுபடியும் மறுபடியும் அதேதான். ஒரு நாள் மானாமதுரைப் பக்கம், ஒரு நாள் உச்சிப்புளிக்கிட்ட. ஒரு வாரம் ஒழுங்கா ஓடும், மறுவாரம் பேய் பிடிச்ச மாதிரி பிடிக்கும். நான் கொண்டுபோயி விடுவேன், அவரு அழிச்சுட்டுத் தருவாரு. இதுல கொடும என்னன்னா, ஒவ்வொரு தடவையும் அந்தத் தம்பிக்கு நான் விளமீன் வேற கொண்டுபோயிக் குடுத்தேன்.

நம்ம சனத்தப் பத்தி உங்களுக்குச் சொல்லணுமா. கடக்கரையில இருந்து ஒரு வீட்டுக்கு வெறுங்கைய வீசிக்கிட்டுப் போவோமா? மதுரையில என் நாத்தனா வீட்டுலதான் அவுக செத்த நேரம் படுத்து எந்திரிச்சு வருவாக. அந்த வீட்டுக்கு மீன், ஆஸ்பத்திரி நர்சுக்கு நண்டு, டாக்டர் ஐயாவுக்குச் சீலா. அரைகொறையாவும் கட்ட மாட்டோம். தெர்மாகோல் பெட்டியில ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன், ஐஸ் சீக்கிரம் கரைஞ்சுறாம கல்லுப்பு. மீன் தண்ணியில ஊறுனா வெளுத்துப்போகும்னு பெட்டிக்கு அடியில ஆணியால ஓட்டை போட்டு, கீழ ஒரு தட்டு. முன்ன அந்தப் பெட்டி டிக்கியில போகும். அவுகளால உக்காந்து வர ஏலாமப் போனதும் ஒரு பக்கமாப் பின் சீட்ட மடக்கி மெத்த போட்டோம், பெட்டி முன்சீட்டுக்குப் பின்னாடி கீழ வந்துருச்சு. வாங்குனவுக எல்லாரும் இப்பத்தான் வலையில இருந்து எடுத்த மாதிரி இருக்குன்னு சொல்வாக. எனக்கும் அதுல ஒரு பெரும.

ஊருக்குள்ள பேச்சு வேற மாதிரி ஓடுச்சு. பொம்பள ஓட்டுனா இப்படித்தான்னு கடையில நின்னு பேசுனாக. என் கொழுந்தன் வீட்டுக்கு வந்து, வண்டிய வித்துருவோம் மதினி, அண்ணன நீங்களே கொன்னுறாதீகன்னான். நான் கொல்றேனாம். நாந்தான் அந்த மனுசன இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கேன், நான் கொல்றேனாம். அன்னைக்கு ராவெல்லாம் அழுதேன்.

செபத்துக்கு ஒரு கொறையும் வைக்கல. பங்குச் சாமியாரக் கூட்டியாந்து வண்டிய மந்திரிச்சு, நாலு சக்கரத்துக்கும் தீர்த்தம் தெளிச்சோம். ஸ்டியரிங்குல செபமால. தவக்காலம் முழுக்க ஒரு பொழுது விரதம். ஒரே ஒரு வேண்டுதல்தான்: ஆண்டவரே, வண்டியச் சரியாக்கும், என் கையால இவுகளப் பத்திரமாக் கொண்டுபோயிக் கொண்டு வரணும்.

ஈஸ்டர் முடிஞ்சு, ஏப்ரல் நடுவுல, அந்த மஞ்ச லைட்டு நின்னுபோச்சு. ஒரு வாரம், ரெண்டு வாரம், ஒரு மாசம். வண்டி ரயிலு மாதிரி நேராப் போகுது. எனக்குப் பூரிப்புத் தாங்கல. மே மாசம் மாதா வணக்கத்துல இதே எடத்துல நின்னு, ஆண்டவர் வண்டியத் தொட்டுக் குணமாக்கிட்டாருன்னு சாட்சி சொன்னேன். நீங்களும் கைதட்டுனீக.

ஜூன் மாசம் மொத வாரத்துலயே மறுபடியும் பிடிச்சுச்சு. ராமநாதபுரத்துக்கு முன்னாடி, பள்ளிக்கூடத்துப் புள்ளைக சைக்கிள்ல போற நேரம். யாரு மேலயும் படல, அது அவரு கிருப. ஆனா என்னால ஊருக்குள்ள தல காட்ட முடியல. ஒரு அக்கா, பேரு சொல்ல மாட்டேன், ஆண்டவரு லீவுல போயிட்டாரா ரோஸ்மேரின்னு கேட்டுச்சு. கொழுந்தன் வந்தான். வெள்ளிக்கெழமையில இருந்து வேற டிரைவரு வாராருன்னு மட்டும் சொல்லிட்டுப் போனான்.

அந்த வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கெழமதான் நான் சொல்ல வந்த நாளு. மதுரையில இருந்து திரும்பி வாரோம். சாயங்காலம். மண்டபம் தாண்டிப் பாலத்துல ஏறுனேன். தெக்க இருந்து சோளகக் காத்து அடிச்சு ஊத்துது. பாலம் மேடேறுற எடத்துல அந்தச் சனியன் பிடிச்ச லைட்டு மினுக்குச்சு. இடது சக்கரம் பிடிச்சு, வண்டி கைப்பிடிச் சுவரப் பாத்துப் போகுது. கீழ கடலு. ஏசுவேன்னு கத்துனேன், அவ்வளவுதான் தெரியும். முன் பம்பர் சுவத்துல உரசி வண்டி நின்னுச்சு. பின்னாடி வந்த பஸ்ஸு கிறீச்சுனு பிரேக் போட்டு எங்க பின்பக்கத்துக்கு ஒரு முழத்துல நின்னுச்சு. கண்டக்டரு எறங்கி வந்து, பொம்பளைக்கு எதுக்கு இந்த வண்டின்னு ஆரம்பிச்சாரு.

நான் எறங்கி, சுவரப் பிடிச்சுக்கிட்டு, கடலப் பாத்து ஆண்டவர்கிட்டக் கத்துனேன்.

"நீரு கேக்குறீரா இல்லையா? ஒன்றரை மாசம் வண்டிய நல்லா வச்சிருந்து, என்னச் சாட்சி சொல்ல வச்சு, இப்ப நடுப்பாலத்துல கொண்டாந்து மோத விடுறீரே. என்னதான் வேணும் உமக்கு? வாயத் தொறந்து சொல்லும்!"

பஸ்ஸுல இருந்தவுக எல்லாம் எட்டிப் பாத்தாக. எனக்கு வெக்கமே இல்ல. அவ்வளவு ஆத்திரம்.

அப்பத்தான் உள்ள இருந்து எங்க வீட்டுக்காரவுக கூப்பிட்டாக. ரத்தம் சுத்தம் பண்ணுன அன்னைக்கு அவுகளுக்குச் சத்தமே வராது. "ரோசு, ஆண்டவர்கூட அப்புறம் சண்ட போடு. இங்கன வா. என் காலு நனையுது."

மெத்தையில இருந்து சரிஞ்சு, ரெண்டு காலையும் கீழ ஊண்டி உக்காந்திருந்தாக. நான் கதவத் தொறந்து கார்ப்பெட்ட அமுக்கிப் பாத்தேன். புளுக்குனு தண்ணி வந்துச்சு. அவுக வெரல நனைச்சு நாக்குல வச்சாக. மீன்காரவுகளுக்கு அது சொல்லித் தரணுமா. "உப்பு. நம்ம பெட்டித் தண்ணி இது"ன்னாக.

தட்டு நெறஞ்சு கார்ப்பெட்டுக்குள்ள வழிஞ்சிருக்கு. பெட்டித் தண்ணி. ஏப்ரல் நடுவுல இருந்து மே கடைசி வரைக்கும் என்ன? மீன்பிடித் தடைக்காலம். எங்க போட்டு கரையில கெடந்துச்சு. ஐஸ் கம்பெனியும் மூடிக் கெடந்துச்சு. நாட்டுப்படகுல வந்த மீனு உள்ளூருக்கே பத்தல. அந்த ஒன்றரை மாசமும் நான் வண்டியில பெட்டி ஏத்தவே இல்ல. தட முடிஞ்சு மொத மீன் வந்த அன்னைக்கே, நன்றிக் கடன்னு சொல்லி, பெரிய பெட்டியா ஏத்திட்டுப் போனேன். அன்னைக்கே லைட்டு எரிஞ்சுச்சு.

அவுககிட்ட இதச் சொன்னேன். மூச்சு வாங்க வாங்கச் சிரிச்சாக. நான் அழுதேன். கண்டக்டரு ஒண்ணும் புரியாம பஸ்ஸுக்குப் போயிட்டாரு. நாங்க நாலு பக்க லைட்டையும் போட்டுக்கிட்டு, நடக்குற வேகத்துல வீடு வந்து சேந்தோம்.

வெள்ளிக்கெழம கொழுந்தன் புது டிரைவரோட வந்தான். வண்டிய அவரே ஓட்டட்டும், நான் வாரேன், நீயும் வான்னு கொழுந்தனையும் ஏத்திக்கிட்டேன். என் வாழ்க்கையில மொத தடவையா வெறுங்கையோட மதுரைக்குப் போனேன். அவுகள ஆஸ்பத்திரியில விட்டுட்டு நேரா சர்வீசுக்குப் போனோம். மேனேஜர் தம்பி சிரிச்சுக்கிட்டே, இன்னைக்கு மீன் இல்லையா மேடம்னு கேட்டாரு.

"தம்பி, மொதல்ல அந்தக் கார்ப்பெட்டத் தூக்குங்க."

அதெல்லாம் தேவையில்லன்னாரு. கம்ப்யூட்டர மாட்டிப் பாப்போம்னாரு. நான் கதவப் பிடிச்சுக்கிட்டு நகரவே இல்ல. கடைசியில சீட்டக் கழட்டித் தூக்குனாக. அடியில பஞ்சு பூரா ஊறி, மீன் கவுச்சி ஆள அடிக்குது. அதுக்குள்ள சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, தரையோட திருகி வச்சிருக்கு. வண்டி வழுக்குதா இல்லையான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதே அதுதானாம். அதுல சொருகியிருந்த ஒயரெல்லாம் பச்சக் களிம்பு. உப்புத் தண்ணி ஏறுனா, வண்டி நேராப் போறப்பவே வழுக்குதுன்னு அது பொய் சொல்லுமாம், கம்ப்யூட்டர் அத நம்பி பிரேக்கப் போடுமாம். அந்தத் தம்பியேதான் இத எங்களுக்கு விளக்குனாரு, தல குனிஞ்சுக்கிட்டு. ரெண்டு நாள் வெயில்ல நின்னா காஞ்சுரும், அதான் சர்வீசுல நின்னப்ப ஒண்ணும் தெரியல. கொழுந்தன் என்னப் பாக்கல, வெளிய போயி நின்னுக்கிட்டான்.

புதுசு மாட்டி, பஞ்ச மாத்தி, இன்னைக்கு 2009 ஆயிருச்சு. அந்த மஞ்ச லைட்டு அதுக்கப்புறம் ஒரு தடவகூட எரியல.

அப்புறமும் எனக்கு ஆண்டவர் மேல கோவம் முழுசாப் போகல. கார்ப்பெட்டுக்குள்ள தண்ணி இருக்குன்னு நேரடியாச் சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். யோசிச்சுப் பாத்தா, அவரு ஒன்றரை மாசம் ஒவ்வொரு செவ்வாயும் ஒவ்வொரு வெள்ளியும் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்காரு. பெட்டி இல்லாத வண்டி நல்லா ஓடும், பாரு ரோஸ்மேரின்னு காட்டிக்கிட்டே இருந்திருக்காரு. நான் கைதட்டு வாங்கிட்டு, பெரிய பெட்டியா ஏத்திட்டுப் போயிருக்கேன். அப்பவும் அவரு என்னக் கடலுல விடல. சுவத்துல உரச விட்டு நிப்பாட்டி, என் புருசன் கால நனைச்சுக் காட்டுனாரு.

இப்ப செபம் பண்ணுற விதம் மாறிப்போச்சு. கேக்குறதக் கேட்டுட்டு, உடனே எந்திரிச்சு ஓடாம, கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருக்கேன். பதில் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு சுத்திமுத்திப் பாக்குறேன். அவுகளுக்கு ஒரு கிட்னி கேட்டிருக்கேன். இன்னும் வரல. ஆனா அவுக அந்தா முன்வரிசையில உக்காந்து, நான் சொல்றதக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டு இருக்காக. அந்தச் சிரிப்புக்கே நான் எத்தன தடவ வேணாலும் முட்டி போடுவேன். நீங்களும் கேளுங்க. கோவமா இருந்தா கோவமாவே கேளுங்க, அவரு தாங்குவாரு. கேட்டுட்டு அந்த எடத்தவிட்டு நகராதீக.

நாத்தனா வீட்டுக்கு இப்பவும் வெறுங்கையோட போறதில்ல. கருவாடு கொண்டு போறேன். புது டிரைவர அன்னைக்கே அனுப்பியாச்சு. கொழுந்தன் வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம எங்ககூட வாரான், முன்சீட்டுல பெல்ட்டப் போட்டுக்கிட்டு, மண்டபம் தாண்டுறதுக்குள்ள கொறட்ட விட்டுத் தூங்குறான். நாளைக்கும் வெள்ளிக்கெழமதான். காலையில நாந்தான் ஓட்டுறேன், நடு சீட்டுல எடம் இருக்கு. மதுரைக்குப் போற சோலி உள்ளவுக யாரா இருந்தாலும் நம்பி ஏறுங்க. ஐஸ் பெட்டிய மட்டும் வீட்டுல வச்சுட்டு வாங்க.