வருகைப் பட்டியலில் ஒரு பெயர்

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருடம், இராமநாதபுரத்தில் ஒரு சின்ன நூலகத்தில் நான் தற்காலிக உதவியாளராக இருந்தேன். பி.ஏ. முடித்திருந்தேன். அதற்கு மேல் ஒரு பெண் என்ன படிக்கலாம் என்று கடலாடிப் பக்கத்தில் எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. சொன்னவர் ஒரு வாசகர்.

பாம்பன்காரர். தனுஷ்கோடியில் தங்கி வேலை பார்த்த சுங்க அலுவலகக் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரயிலேறி வருவார். நான் இடம் மாற்றி வைத்த புத்தகங்களைச் சரியான தட்டில் செருகிவிட்டுத்தான் உட்காருவார்.

"தங்கச்சி, இந்த லைப்ரரி வேலைக்குன்னே படிப்பு இருக்கு" என்றார் ஒருநாள். "எஸ்.எஸ்.எல்.சி. போதும்னா சர்டிபிகேட். கோடை லீவுல முடிஞ்சுரும். ஆனா அதோட நின்னா கடைசிவரைக்கும் புத்தகம் எடுத்துக் குடுக்கிற வேலைதான். பி.ஏ. இருக்கில்ல, மெட்ராஸ்ல ஒரு வருஷம் டிப்ளமோ படிங்க. அதுக்கு மேல படிக்கணும்னா டெல்லி."

"நீங்க?"

"நான் டிப்ளமோவுக்கு இப்பவே எழுதிப் போட்டாச்சு. அடுத்த வாரம் வாரேன், உங்களுக்கும் ஒரு அப்ளிகேசன் பாரம் கொண்டாறேன்."

சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை இரவு புயல் அடித்தது.

மறு ஞாயிறு ரயில் இல்லை. பாம்பன் பாலமே உடைந்து கிடந்தது. தப்பி வந்தவர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என் அய்யாவுடன் போனேன். பிழைத்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அடையாளம் தெரிந்த சடலங்களின் பட்டியலிலும் இல்லை. அங்கிருந்த ஒரு அம்மாளிடம் விசாரித்தேன்.

"அந்த ஆபீஸு இருந்த இடத்துல இப்ப தண்ணிதான் நிக்கிது, தாயி" என்றாள்.

அவர் தந்த படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பினேன். இடம் கிடைத்தது. ஆடி பிறப்பதற்குள் மெட்ராஸில் இருந்தேன்.

முதல் நாள் வகுப்பில், விண்ணப்பித்துத் தேர்வானவர்களின் பட்டியலைப் பார்த்து ஆசிரியர் பெயர் வாசித்தார். எனக்கு முந்தைய பெயர் அவருடையது. இனிஷியல், ஊர், எல்லாம் சரியாக இருந்தன. ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார், கொஞ்சம் பொறுத்தார், பிறகு என் பெயரை வாசித்தார். இரண்டாம் நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் அந்தப் பெயர் வந்தபோது "உள்ளேன் ஐயா" என்று ஒரு குரல் கேட்டது. பின்வரிசை சிரித்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"இறந்துவிட்டார் என்று யாராவது எழுதிக் கொடுத்தார்களா?"

"இல்லை சார்."

"அப்படியானால் நானாகப் பெயரை எப்படி அடிப்பது? படிவத்தில் இருக்கும் தனுஷ்கோடி முகவரிக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் போகட்டும்."

ஒரு மாதம் அந்தப் பெயர் தினமும் வாசிக்கப்பட்டது. விஷயம் பரவிவிட்டதால் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஆசிரியர் அதே அளவு பொறுத்தார். அந்த நேரத்தில் வகுப்பில் ஒரு தாள் கூட அசையாது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை. உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

கடிதம் திரும்பி வந்தது. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு உறையைக் காட்டினார். ஆள் இல்லை, வீடு மாறிவிட்டார் என்று தபால்காரர்கள் வழக்கமாக எழுதும் எதுவும் அதில் இல்லை. நீல மையில் இரண்டே சொற்கள்: 'ஊர் இல்லை'.

அவர் என் கண்முன்னாலேயே பேனாவைத் திறந்து அந்தப் பெயரின் மேல் கோடு இழுத்தார்.

மறுநாள் அதற்கும் முந்தைய பெயரிலிருந்து நேராக என் பெயருக்கு வந்துவிட்டார். நான் இன்னும் அந்த அமைதிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. அன்று எனக்கு 'வரவில்லை' என்று குறித்தார். திருத்தச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.