போனில் ஓடிய மோட்டார்

அப்பாவுக்குப் பெங்களூரில், அல்சூர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை. எங்கள் ஒரு ஏக்கர் தக்காளி இருந்ததோ ஓசூரைத் தாண்டி, ஊரில். ஆனாலும் தண்ணீர் விடுவது அப்பாதான். போர்வெல் மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் வைத்திருந்தார். காலையில் கரண்ட் வரும் நேரத்துக்கு, கேட்டில் நின்றபடியே அதற்குப் போன் போட்டு ஒன்றாம் எண்ணை அழுத்துவார். மோட்டார் ஓடுகிறது என்று ஒரு பெண் குரல் சொல்லும். உடனே அம்மாவைக் கூப்பிட்டு மடையைத் திருப்பச் சொல்வார்.

“ஏன் குரு, களையும் போன்லயே எடுத்துடுவியா?” என்று கூட வேலை செய்தவர் கிண்டல் செய்வார். அப்பாவுக்கு அதில் பெருமைதான். அந்த செக்யூரிட்டி உடுப்பெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் என்று நினைத்திருந்தார்.

நான் அவரோடு ஜோகுபாளையத்தில் ஒரே அறையில் இருந்துகொண்டு, சிவாஜிநகரில் துணிக்கடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் அம்மா கடை நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள்.

“போர்ல தண்ணி நின்னுபோச்சு கண்ணு. செடியெல்லாம் காயுது. அப்பாகிட்ட சொல்லாத. வேலைய உட்டுட்டு ஓடியாந்துருவாரு. இன்னொரு போர் போடறேன்னு நிப்பாரு.”

அம்மா துணிந்தவள். மோட்டாருக்குப் போகும் ஒயரை ஆள் வைத்துக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டர் பெட்டியை மட்டும் அப்படியே விட்டாள். அப்பா அழுத்தினால் குரல் வரும், அவ்வளவுதான். அவளும் ஓசூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

“கடைசிப் பாத்தி வரைக்கும் பாஞ்சுச்சா?” என்று சாயங்காலம் அறைக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் போனில் கேட்பார்.

“பாஞ்சுச்சு, பாஞ்சுச்சு” என்பாள் அம்மா, வீடு திரும்பும் கம்பெனி வேனுக்குள்ளிருந்து. அப்பா நிம்மதியாகச் சாப்பிட உட்காருவார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சோறு போடுவதுதான் எனக்கு வேதனையாக இருந்தது.

மாரியம்மன் பண்டிகைக்கு லீவு கிடைத்து ஊருக்குப் போனோம். அப்பா பையைக்கூட வைக்காமல் நிலத்துக்குப் போனார். திரும்பி வந்தவரிடம் அம்மா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கத்துவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கால் கழுவினார்.

“காலைல வேன் எத்தன மணிக்கு வரும்?” என்று மட்டும் கேட்டார்.

விடிந்ததும் அம்மாவின் சோற்றுப் பையைத் தானே தூக்கிக்கொண்டு ரோடு வரை வந்தார். “பாத்து ஏறு” என்று சொல்லிப் பையைக் கொடுத்தார். வேன் போன பிறகு நிலத்துப் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பெங்களூர் பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

பண்டிகை மறுநாள்தான்.