மூன்றாவது பேஸில் நின்ற அண்ணன்

வெயிலில் இளகிய தார் மணம் மூக்கில் ஏறினால், கனடாவின் அஜின்கோர்ட்டில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் பின்பக்கக் கார் தரிப்பிடம்தான் இப்போதும் எனக்கு நினைவு வரும். பள்ளிக்கூடம் விட்ட கையோடு பையை எறிந்துவிட்டு, ஒரு ரெனிஸ் பந்தும் வெடித்த மட்டையுமாக பேஸ்போல் விளையாட அங்கே கூடிவிடுவோம். முதல் பேஸ் விளக்குக் கம்பம், இரண்டாவது சாக்கடை மூடி, மூன்றாவது பழைய கார் ரயர். மூன்றையும் தொட்டு, அடித்த இடத்துக்கே ஓடி வந்தால் ஒரு ரன். சட்டங்களைச் சண்டை பிடித்தே செய்துகொண்டோம்.

ஆள்தான் எப்போதும் காணாது. பக்கத்துக்கு இரண்டு பேர் தேறினால் பெரிய காரியம். பேஸில் நிற்பவரே மறுபடி அடிக்க வரவேண்டியிருக்கும். அப்போது அவர் நின்ற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆளை நிறுத்துவோம். அடிப்பவர் எத்தனை பேஸ் ஓடுகிறாரோ, அந்த ஆளும் அத்தனை ஓடுவார். அவரை யாராலும் அவுட்டாக்க முடியாது. மற்றப் பிள்ளைகள் அவரைப் "பேய்" என்றார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. வன்னியில் அகப்பட்டு, கனடாவுக்கு வர வழி பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணனை நினைத்து "அண்ணை" என்று பெயர் வைத்தேன்.

பேஸ்போல் என்றால் என்னவென்றே அறியாத அம்மா, இரவு புட்டைக் கோப்பையில் போட்டபடி கேட்பார்: "இண்டைக்குக் கொண்ணன் எத்தினை ஓடினவன்?" நான் ஒன்றிரண்டு கூட்டியே சொல்வேன். அம்மாவின் முகம் மலரும்.

ஒருநாள் அண்ணை மூன்றாவது பேஸில் நிற்கையில், மேலே பல்கனியிலிருந்து அம்மா குழறும் சத்தம் கேட்டது. ஊரிலிருந்து தொலைபேசி வந்திருந்தது. ஷெல் விழுந்து அண்ணன் போய்விட்டான். மட்டையைப் போட்டது போட்டபடி ஓடினோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு, அம்மா என்னையும் எதிர்வீட்டுத் துசியையும் கூப்பிட்டார்.

"அண்டைக்கு விளையாட்டைக் குறையிலை விட்டிட்டெல்லோ வந்தனீங்கள். அவன் எங்கை நிண்டவன்?"

"மூண்டாவது பேஸிலை அன்ரி," என்றாள் துசி.

"அவனை அதிலை நிப்பாட்டி வைக்காதேங்கோ பிள்ளையள். ஓடி முடிக்கட்டும்."

அம்மா பல்கனியில் நிற்க, நான் பந்தை எறிந்தேன். துசி அழுதழுது மட்டையை வீசினாள். முதல் இரண்டும் படவில்லை. அடுத்தது பட்டது. அவள் விளக்குக் கம்பத்தை நோக்கி ஓடினாள். நான் மேலே பார்த்தேன். அம்மாவின் கண்கள் ரயரிலிருந்து அடித்த இடம் வரை, அந்த வெறுந் தாரின் மேல் மெல்ல வந்தன. பிறகு உள்ளே போய்விட்டார்.

துசி வீட்டாரும் மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் வீடு வாங்கிப் போனார்கள். நாங்கள் றிச்மண்ட் ஹில்லுக்கு வந்தோம். இப்போது என் மகனுக்குப் பேர் பொறித்த சட்டையும் தொப்பியும் போட்டு, நானே காரில் பேஸ்போல் ஆட்டத்துக்குக் கொண்டுபோகிறேன். போன சனிக்கிழமை போய் இறங்கிய கையோடு திரும்பி வந்தான்.

"ஆள் காணாதாம் அப்பா. கேம் கான்சல்."

கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆளை விட்டு விளையாடலாமே என்றேன்.

"அது அலவ்ட் இல்லை அப்பா," என்று போனை எடுத்தான்.

திரும்பும் வழியில் அஜின்கோர்ட் பக்கம் காரை விட்டேன். எங்கள் தரிப்பிடத்தில் பந்து விளையாடக் கூடாதென்று பலகை மாட்டியிருந்தார்கள். தடுப்பதற்கு அங்கே ஒரு பிள்ளையும் இல்லை. ரயரும் இல்லை. அது கிடந்த இடத்தில் இறங்கி நின்றேன். ஆள் குறைந்தால் ஆட்டமே இல்லை என்றாகிவிட்டது. என் அண்ணன் இனி எங்கே வந்து நிற்பான்?